மைக்கு ஒரு தாள் கொடுங்கள்: சொந்தமாக சர்க்யூட் போர்டு செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கும், வீட்டு மேசையிலேயே பிசிபி செய்து பார்க்கும் ஆர்வலர்களுக்கும்,

வீட்டுக்கு வீடு இங்க் டேங்க் பிரிண்டர் வந்துவிட்ட பிறகு உங்களில் பலரும் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். அதில் எந்த மையை ஊற்றினால், சர்க்யூட்டை நேராகக் காப்பர் கிளாட் மேலேயே அச்சடித்து ஃபெரிக் குளோரைடில் போட்டு எடுக்கலாம்? டை என்கிறார் ஒருவர், பிக்மென்ட் என்கிறார் இன்னொருவர், சில்வர் மை வாங்கினால் எட்சிங்கே வேண்டாம் என்கிறார் மூன்றாமவர். மூவர் சொல்வதிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அந்த மைகள் எதற்காகச் செய்யப்பட்டவை என்பதைக் கணக்கில் எடுக்காமல் பெயரை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுத்தால் போர்டும் கெடும், பிரிண்டரும் கெடும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செம்பில் ஒட்டும் மையைத் தேடி அலையாதீர்கள். பிரிண்டரில் இருக்கும் மையை, அதற்கென்றே பூச்சு பூசிய ஃபிலிமில் அச்சடியுங்கள். அந்த ஃபிலிமை ஒளியை மறைக்கும் மாஸ்க்காக வைத்து, ஒளி பட்டால் இறுகும் ஃபோட்டோ ரெசிஸ்ட் படலத்தின் வழியாகப் போர்டு செய்யுங்கள். இதற்கான காரணங்களையும், இதற்கு எதிராக எழக்கூடிய கேள்விகளுக்கான பதில்களையும் கீழே தருகிறேன்.

இங்க்ஜெட் மையில் பெரும்பங்கு தண்ணீர்தான். அதோடு கிளிசரால், கிளைக்கால் வகைத் திரவங்கள், பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள்கள், சில விழுக்காடு மட்டுமே நிறப்பொருள். கிளிசராலுக்கு அங்கே முக்கிய வேலை, நாசிலில் மை காய்ந்துவிடாமல் காப்பது. அது கொதிப்பது 290 டிகிரி செல்சியஸில்; காற்றிலிருந்து ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். ஆக, பிரிண்டரின் மை என்பது காயக்கூடாது என்பதற்காகவே செய்யப்பட்ட மை. ஆனாலும் தாளில் விழுந்த நொடியில் அது காய்ந்ததுபோல் தெரிகிறதே என்றால், மை அங்கே காயவில்லை, தாள் அதைக் குடித்துவிடுகிறது. தண்ணீரையும் கிளிசராலையும் தாளின் இழைகளோ பூச்சோ உள்ளே இழுத்துக்கொள்ள, நிறம் மட்டும் மேலே தங்குகிறது. அச்சு என்பது மையும் தாளும் பாதிப்பாதி செய்யும் வேலை. செம்பு எதையும் குடிப்பதில்லை. அதன்மேல் விழுந்த மை, விரல் எண்ணெயும் ஆக்சைடும் இருக்கும் இடங்களில் முத்து முத்தாகத் திரளும். நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்த இடத்தில் பரவி அடுத்த டிராக்கோடு சேரும். எங்கே விழுந்தாலும் நெடுநேரம் ஈரமாகவே கிடக்கும். எந்தக் கம்பெனி மையாக இருந்தாலும் இந்த அடிப்படைச் சிக்கல் மாறுவதில்லை.

டையா பிக்மென்ட்டா என்ற கேள்வியை இந்த வெளிச்சத்தில் பார்ப்போம். டை மையில் நிறம் தண்ணீரில் முழுவதும் கரைந்திருக்கிறது. பிக்மென்ட் மையில் அது கரையாத நுண்துகளாக, சுமார் 0.1 மைக்ரான் அளவில், சுண்ணாம்பு கலக்கிய நீரைப் போல மிதக்கிறது. ஃபெரிக் குளோரைடு கரைசலும் தண்ணீரால் ஆனதுதான். தண்ணீரில் கரையும் டையை அதில் இறக்கினால் செம்பு அரிபடத் தொடங்கும் முன்பே மை கழுவிக்கொண்டு போய்விடும். எனவே எட்சிங்கைத் தாங்கும் வேலைக்கு டை மை முதல் சுற்றிலேயே வெளியேறுகிறது. பிக்மென்ட் கரையாது என்பது உண்மைதான். ஆனால் கரையாமல் இருப்பது வேறு, அமிலம் புகாத தோலாக மூடுவது வேறு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 720 டிபிஐயில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே 35 மைக்ரான். அந்தச் சதுரத்தில் 10 பிக்கோ லிட்டர் துளி விழுந்தால் ஈர மையின் தடிமன் சுமார் 8 மைக்ரான். அதில் திடப்பொருள் 5 விழுக்காடு என்று வைத்தால், காய்ந்தபின் மிஞ்சுவது 0.4 மைக்ரான். அதற்கு அடியிலுள்ள செம்போ 35 மைக்ரான் தடிமன். அதை முழுக்க அரித்து முடிக்கும்வரை, பல நிமிடங்கள், இந்த அரை மைக்ரான் படலம் ஓர் ஊசித்துளைகூட இல்லாமல் நிற்கவேண்டும். துகள்களுக்கு இடையே பசை இல்லாவிட்டால் அது நடக்காது.

“பிக்மென்ட் மையால் நேராகச் செம்பில் அச்சடித்து வெற்றி கண்டவர்கள் இருக்கிறார்களே?” என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். எப்சன் பிரிண்டர்களைப் பிரித்து, ஹெட்டை உயர்த்தி, போர்டு வளையாமல் நேராகச் செல்லும்படி மாற்றியமைத்து அதைச் செய்தார்கள். அந்த நிறுவனத்தின் டியூராபிரைட் மையில் ஒவ்வொரு பிக்மென்ட் துகளையும் ரெசின் சூழ்ந்திருக்கிறது. அச்சடித்த போர்டை 200 டிகிரியை ஒட்டிய சூட்டில் வைக்கும்போது கிளிசரால் வகைத் திரவங்கள் வெளியேறி, ரெசின் இளகி ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிறது. அந்தப் படலம்தான் எட்சிங்கைத் தாங்குகிறது. அதாவது வெற்றிக்குக் காரணம் பிக்மென்ட் அல்ல, ரெசினும் சூடும்தான். இந்த வழியின் விலையையும் பாருங்கள். சாதாரண எஃப்ஆர்4 போர்டு 130, 140 டிகிரியிலேயே இளகத் தொடங்கும் பொருள். 200 டிகிரியில் கொஞ்சம் கூடுதலாக நின்றால் நிறம் மாறும், செம்பு உப்பும். விலை குறைவு என்று நம்மில் பலர் வாங்கும் காகித பினாலிக் போர்டு அந்தச் சூட்டைத் தாங்கவே தாங்காது. மேலும் எந்தப் பிரிண்டரிலும் இந்த வேலை நடக்காது. எச்பி, கேனன் வீட்டுப் பிரிண்டர்களின் ஹெட் மையைச் சட்டென்று சூடேற்றி, குமிழி உண்டாக்கித் துளியைத் தள்ளுவது. அந்த முறைக்கென்று செய்த மையை மட்டுமே அது ஏற்கும். மின் அழுத்தம் கொடுத்தால் நெளியும் பீசோ படிகத்தால் துளியைத் தள்ளும் எப்சன், பிரதர் ஹெட்டுகளில்தான் வேறு மைகளுக்குக் கொஞ்சம் இடமுண்டு. சரியான ஹெட், சரியான ரெசின் மை, மாற்றியமைத்த பிரிண்டர், சூடு தாங்கும் போர்டு, அளவான அடுப்பு ஆகிய ஐந்தும் அமைந்தால் இந்த முறை கைகூடும். ஐந்தில் ஒன்று பிசகினாலும் போர்டு குப்பைக்குத்தான்.

இந்த இடத்தில் இரண்டு குறுக்குவழிகள் பலருக்கும் தோன்றும். முதலாவது, பெர்மனென்ட் மார்க்கர். கையால் வரைந்த மார்க்கர் கோடு ஃபெரிக் குளோரைடைத் தாங்குகிறது. அந்த மையையே டேங்க்கில் ஊற்றினால் என்ன? மார்க்கர் மை தாங்குவதற்குக் காரணம் அதிலுள்ள ரெசினும், நொடியில் பறந்துவிடும் ஆல்கஹால் வகைக் கரைப்பானும். அதே குணம்தான் சில பத்து மைக்ரான் அகலமே உள்ள நாசிலில் மையைக் காயவைத்து ஹெட்டை அடைக்கும். கரைப்பான் ஹெட்டிலுள்ள ரப்பரையும் பசையையும் கூட அரிக்கலாம். இரண்டாவது, பிவிசி அடையாள அட்டை. பிரவுசிங் சென்டர்களில் இங்க்ஜெட் பிரிண்டரிலேயே பிளாஸ்டிக் அட்டை அச்சடித்துத் தருகிறார்களே, பிளாஸ்டிக்கில் ஒட்டும் மை செம்பில் ஒட்டாதா? அந்த அட்டை வெறும் பிளாஸ்டிக் அல்ல. இங்க்ஜெட் மையை ஏற்கும் பூச்சு அதன்மேல் இருக்கிறது. பூச்சில்லாத பிவிசியில் அதே மையை அச்சடித்தால் விரல் பட்டதும் அழிந்துவிடும். ஆக, இந்த உதாரணமும் மை தனியாக வேலை செய்வதில்லை, அதை வாங்கிக்கொள்ளும் பரப்போடு சேர்ந்தே செய்கிறது என்பதற்குச் சாட்சியாகத்தான் நிற்கிறது.

நாசிலில் காயக்கூடாது, செம்பில் உடனே காயவேண்டும். இந்த இரண்டையும் ஒரே மையிடம் கேட்பதுதான் நமது சிக்கலின் வேர். தொழிற்சாலைகளில் செம்பின் மேல் நேராக ரெசிஸ்ட்டை இங்க்ஜெட்டில் அச்சடிக்கிறார்கள் என்பது உண்மை. அவர்கள் இந்த முரண்பாட்டை வேறு வழியில் தீர்த்திருக்கிறார்கள். புற ஊதா ஒளி பட்டதும் இறுகும் மை ஒரு வழி. நாசிலில் உருகிய மெழுகாக இருந்து, குளிர்ந்த செம்பைத் தொட்டதும் உறையும் மை இன்னொரு வழி. இரண்டிலும் காய்வது என்ற வேலையே இல்லை. டெக்ட்ரானிக்ஸ் தொடங்கி, பிறகு ஜெராக்ஸ் கைக்கு மாறிய ஃபேசர் பிரிண்டர்கள் மெழுகுக் கட்டிகளை உருக்கி அச்சடித்தவை. வளையும் செம்புத் தாளில் அவற்றைக் கொண்டு ரெசிஸ்ட் அச்சடித்தவர்களும் உண்டு. ஆனால் அந்த மைகளுக்குச் சூடேறும் ஹெட்டோ புற ஊதா விளக்கோ பிரிண்டரிலேயே வேண்டும். யூவி மையைச் சாதாரண டேங்க்கில் ஊற்றினால் அதன் பிசுபிசுப்பை வீட்டு ஹெட் தாங்காது. ஜன்னல் வெளிச்சம் பட்டாலே ஹெட்டுக்குள் இறுகிப்போகும் ஆபத்தும் உண்டு. தோலில் பட்டால் ஒவ்வாமை தரக்கூடிய வேதிப்பொருள்களும் அதில் உண்டு.

சில்வர் மையைப் பற்றியும் சொல்லவேண்டும். 2013இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் யோஷிஹிரோ கவஹாராவும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும், கடையில் கிடைக்கும் பிரதர் பிரிண்டரில் வெள்ளி நானோ துகள் மையை ஊற்றி, சில நிமிடங்களில் சர்க்யூட் அச்சடித்துக் காட்டினார்கள். சூடேற்றாமலேயே மின்சாரம் பாயும் கோடு கிடைத்தது. அருமையான வேலை. ஆனால் அங்கேயும் அவர்கள் அச்சடித்தது இங்க்ஜெட் பூச்சு பூசிய தாளிலும் ஃபிலிமிலும்தான். அந்தப் பூச்சுதான் வெள்ளித் துகள்கள் ஒன்றுசேர உதவியது. சாதாரணத் தாளில் அது வேலை செய்யாது. கிடைத்த படலத்தின் மின்தடை சதுரத்துக்குச் சுமார் 0.2 ஓம். 35 மைக்ரான் செம்பில் அது 0.0005 ஓம். ஒரு மில்லிமீட்டர் அகலம், பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள டிராக் என்றால் செம்பில் 0.05 ஓம், வெள்ளி மையில் 20 ஓம். அதில் 100 மில்லி ஆம்பியர் ஓடினால் 2 வோல்ட் வழியிலேயே போய்விடும். ஐந்து வோல்ட்டில் ஓடும் சர்க்யூட்டுக்கு இது கட்டுப்படியாகாது. சால்டரிங்கும் செய்ய முடியாது. உருகிய சால்டர் அந்த மெல்லிய வெள்ளியைக் கரைத்து விழுங்கிவிடும், அடியிலுள்ள ஃபிலிமும் சுருங்கும். அந்த ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்த எலெஃபன்டெக் என்ற ஜப்பானிய நிறுவனம் பிறகு உலோக மையை அடித்தளமாக மட்டும் அச்சடித்து, அதன்மேல் செம்பு முலாம் ஏற்றிப் போர்டு செய்யத் தொடங்கியது. மின்சாரத்தைச் சுமக்கும் வேலையை மையிடம் கொடுத்துத் தொடங்கியவர்களே, பிறகு அந்த வேலையைச் செம்பிடம் ஒப்படைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். எல்இடி எரியும் வாழ்த்து அட்டைக்கும், தொடு உணரிக்கும் சில்வர் மை போதும். ரிலேயும் மோட்டாரும் வைக்கும் போர்டுக்கு அது ஆகாது.

இனி நான் சொல்லும் வழிக்கு வருகிறேன். மையிடம் அமிலத்தைத் தாங்கச் சொல்லவேண்டாம், மின்சாரத்தைக் கடத்தச் சொல்லவேண்டாம். ஒளியை மறைக்க மட்டும் சொல்லுங்கள். இங்க்ஜெட்டுக்கென்று பூச்சு பூசிய தெளிந்த ஃபிலிமில் சர்க்யூட்டை அச்சடியுங்கள். செம்பின் மேல் டிரை ஃபிலிம் ரெசிஸ்ட்டை ஒட்டி, அச்சடித்த ஃபிலிமை அதன்மேல் வைத்து, புற ஊதா விளக்கைக் காட்டுங்கள். ஒளி பட்ட இடம் இறுகும்; படாத இடம் வாஷிங் சோடாக் கரைசலில் கழுவிப் போகும். எட்சிங்கைத் தாங்குவது சுமார் 40 மைக்ரான் தடிமனுள்ள அந்த ரெசிஸ்ட். அரை மைக்ரான்கூட இல்லாத மைப்படலத்தைவிட அது எண்பது மடங்குக்கும் மேல் தடித்தது, அந்த வேலைக்கென்றே பிறந்தது. இப்போது மைத் தேர்வு எவ்வளவு எளிதாகிவிட்டது பாருங்கள். டை ஆனாலும் பிக்மென்ட் ஆனாலும், 365 முதல் 405 நானோ மீட்டர் வரையிலான ஒளியை அது எவ்வளவு தடுக்கிறது என்ற ஒரே கேள்விதான் மிச்சம். ஹெட் பீசோவா, சூடேற்றும் வகையா என்பதுகூட முக்கியமில்லை. பிரிண்டரைப் பிரிக்கவும் வேண்டாம்.

கண்ணுக்குக் கருப்பாகத் தெரிவதெல்லாம் புற ஊதாவுக்கும் கருப்பு அல்ல என்பதை மட்டும் மறக்கவேண்டாம். கார்பன் பிளாக் துகளால் ஆன கருப்புப் பிக்மென்ட் மை எல்லா அலைநீளங்களையும் விழுங்கும். டைக் கருப்பு மைக்கு மை வேறுபடும். சிலவற்றில் புற ஊதா கசியும். அளக்கக் கருவி தேவையில்லை. ரெசிஸ்ட் ஒட்டிய ஒரு துண்டுப் போர்டின் ஒரு பாதிமேல் முழுக் கருப்பு அச்சடித்த ஃபிலிமையும், மறுபாதிமேல் ஒரு நாணயத்தையும் வையுங்கள். வழக்கமான நேரம் ஒளி காட்டிக் கழுவுங்கள். நாணயத்தின் அடியில் இருந்த ரெசிஸ்ட் எவ்வளவு சுத்தமாகக் கழுவிப் போகிறதோ, கருப்பின் அடியிலும் அப்படியே போனால் அந்த மை தேறிவிட்டது. பிறகு இரண்டு மடங்கு நேரம் காட்டியும் தேறினால் கவலையே வேண்டாம். தேறாவிட்டால் மையை மாற்றும் முன் பிரிண்டரின் அமைப்பைப் பாருங்கள். பல டேங்க் பிரிண்டர்களில் கருப்பு மட்டும் பிக்மென்ட், மற்ற மூன்று நிறங்களும் டை. பேப்பர் வகையில் ஃபோட்டோ பேப்பர் என்று கொடுத்தால், இவற்றில் சில மாடல்கள் பிக்மென்ட் கருப்பைத் தொடாமல் மூன்று நிறங்களைக் கலந்தே கருப்பை உண்டாக்கும். பிளெய்ன் பேப்பர் என்று கொடுத்தால் பிக்மென்ட் வரும், ஆனால் மை குறைவாக விழும். இரண்டு அமைப்பிலும் ஒவ்வொரு துண்டு அச்சடித்து நாணயச் சோதனை செய்தால் உங்கள் பிரிண்டருக்கு எது சரி என்று தெரிந்துவிடும். எந்த மை இருக்கிறது என்றே தெரியாவிட்டால், சாதாரணத் தாளில் அச்சடித்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். டை ஓடும், பிக்மென்ட் நிற்கும்.

ஃபிலிமில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் சாதாரண ஓஹெச்பி ஷீட் பெரும்பாலும் லேசருக்கும் ஜெராக்ஸுக்கும் உரியது. அதில் பூச்சு இல்லை. அதில் மை முத்து முத்தாக நிற்பதைப் பார்த்துவிட்டு மையைக் குறைசொல்வது, செம்பில் செய்த தவறையே மறுபடியும் செய்வது. இங்க்ஜெட் ஃபிலிம் என்று கேட்டு வாங்கி, சற்றே சொரசொரப்பான பூச்சுப் பக்கத்தில் அச்சடியுங்கள். படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அச்சடித்தால், மை உள்ள பக்கம் ரெசிஸ்ட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். மை மேல்பக்கம் இருந்தால் ஃபிலிமின் தடிமன் வழியே ஒளி சாய்வாகப் புகுந்து கோட்டின் விளிம்பைக் கெடுத்துவிடும். டிரை ஃபிலிம் நெகட்டிவ் வகை என்பதால் டிராக்குகள் தெளிவாகவும் சுற்றுப்புறம் கருப்பாகவும் அச்சாகவேண்டும். இதில் ஒரு நன்மையும் ஒளிந்திருக்கிறது. கருப்பில் ஊசித்துளை விழுந்தால் போர்டில் தேவையற்ற ஒரு செம்புப் பொட்டு மிஞ்சும், அவ்வளவுதான். நேரடி அச்சில் அதே துளை டிராக்கையே ஓட்டையாக்கும்.

மறுப்புகள் இன்னும் உண்டு. வேலைகள் கூடுகின்றன என்பது முதலாவது. ரெசிஸ்ட் ஒட்டுவது, ஒளி காட்டுவது, கழுவுவது என்று மூன்று படிகள் கூடுவது உண்மை. ஆனால் ஒவ்வொரு படியிலும் தவறைக் கண்ணால் பார்த்து, செம்பை இழக்கும் முன்பே ரெசிஸ்ட்டை உரித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். தேவைப்படுவதும் பெரிதாக ஒன்றுமில்லை. நகப்பூச்சை உலர்த்தும் யூவி விளக்கு, ஒரு கண்ணாடித் துண்டு, லிட்டருக்குப் பத்து கிராம் வாஷிங் சோடா, மஞ்சள் விளக்குள்ள ஓர் அறை. ஆப்பச் சோடா வேறு பொருள், அது உதவாது. லேசர் பிரிண்ட் எடுத்து அயர்ன் பாக்ஸ் வைத்துத் தேய்த்தால் போதாதா என்பது இரண்டாவது. லேசர் டோனர் உருகி ஒட்டும் பிளாஸ்டிக் என்பதால் அது எட்சிங்கைத் தாங்குகிறது. 2.54 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள டிப் ஐசி போர்டுகளுக்கு அந்த முறை தாராளமாகப் போதும். அரை மில்லிமீட்டர் பிட்ச் சிப்புகளுக்கு இறங்கும்போதுதான் தேய்ப்பின் அழுத்தம் கோடுகளை நசுக்கும், சில இடங்கள் ஒட்டாமல் விடும். இங்க்ஜெட் ஃபிலிம் சூட்டைப் பார்ப்பதில்லை, அதனால் அளவும் சுருங்காது. ஆன்லைனில் கொடுத்தால் தொழிற்சாலைப் போர்டே மலிவாக வருகிறதே என்பது மூன்றாவது. இறுதி வடிவத்துக்கு அதுவே சரி; துளை முலாம் வீட்டில் எளிதல்ல. ஆனால் காலையில் வரைந்த சர்க்யூட்டை மாலையில் சோதித்து, தவறைத் திருத்தி, மறுநாள் இன்னொன்று செய்யும் வேகத்தைக் கூரியரும் சுங்கமும் தரமுடியாது. கற்கும் காலத்தில் அந்த வேகமே பெரிய ஆசிரியர்.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். அடுத்த முறை “எந்த மை நல்லது?” என்று கேட்கத் தோன்றினால், அந்த மை எதன்மேல் விழப்போகிறது, அங்கே அது என்ன வேலை செய்யவேண்டும் என்ற இரண்டையும் முதலில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். புது மையும் அதை நிரப்ப ஊசியும் வாங்கி நல்ல பிரிண்டரின் ஹெட்டைப் பணயம் வைக்காதீர்கள். அந்தப் பணத்தில் பத்து இங்க்ஜெட் ஃபிலிமும் ஒரு சுருள் டிரை ஃபிலிமும் வாங்குங்கள். ஆய்வகத்துக்குப் பொறுப்பான ஆசிரியர்களும் மாணவர்களின் பிராஜெக்ட் பட்டியலில் இவ்விரண்டையும் சேர்த்துவிட்டால் நல்லது. ரெசிஸ்ட்டை உரிக்கக் காஸ்டிக் சோடாவைக் கையாளும்போது கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். செம்பு கரைந்த ஃபெரிக் குளோரைடை வாஷ்பேசினில் கொட்டாமல், மூடியுள்ள பிளாஸ்டிக் கேனில் சேர்த்து, கல்லூரி வேதியியல் ஆய்வகத்தின் கழிவோடு ஒப்படையுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே போர்டு செய்யும் ஒருவர்